படத்தில் வராத மாத்திரை

புதிதாக எம்.ஆர்.ஐ. அறைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மெஷினைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் வந்து இறங்கிய புது மெஷினில் பாதி பட்டனை நான் தொட்டதே கிடையாது. பக்கத்தில் நிற்கும் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, “நீயே அமுக்கு தாயி” என்று சொல்லிவிடுவேன். நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அதை ஒரு பெண் எப்படி நேராக்கினாள் என்பதையும் எழுதுகிறேன். இரண்டாவதுதான் முக்கியம்.

மதுரையில் ஒரே ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. என்று அறை அறையாக மாறி வேலை பார்த்தவள் நான். கோபக்காரி என்று பேர். ‘சிடுமூஞ்சி மேடம்’ என்று எனக்குப் பட்டப்பெயர் இருந்தது எனக்குத் தெரியும், வைத்தது யார் என்பதும் தெரியும். அவர் இப்போது உங்களுக்கு இன்சார்ஜாக இருக்கிறார், போகட்டும்.

நம் வேலையில் கைக்குழந்தைகளின் மூளையைப் படம் எடுப்பதுபோலக் கஷ்டமானது வேறு இல்லை. பெரியவர்களிடம் அசையாமல் படுங்கள் என்று அதட்டலாம். பிறந்து மூன்று நாள் ஆன உயிரிடம் என்னத்தைச் சொல்வது? அதிலும் வயிற்றுக்குள் இருக்கும்போதே சாராயமோ, புகையிலையோ, போதை தரும் மாத்திரையோ போய்ச் சேர்ந்த குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். தூங்காது. கை கால் வெடவெடவென்று நடுங்கும். கீச்சுக் குரலில் அழும். சும்மா சும்மா தும்மும். அப்படிப்பட்ட குழந்தைகள் வெளிநாட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும், நம் ஊர்ப் பெண்கள் அதையெல்லாம் தொட மாட்டார்கள் என்று நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் நம்பினது தப்பு என்று தெரிந்த நாள்தான் இது.

காலை பதினோரு மணி இருக்கும். மாடியில் இருக்கும் பச்சைக்குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பிறந்து மூன்றாம் நாள். தாயின் பெயரைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அது இல்லை. இருபத்து நாலு வயது. பிறந்த வீடு பேரையூர்ப் பக்கம், வாக்கப்பட்டது செல்லூரில். மாமியார் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. செல்வி ஏழாம் மாசம் வரைக்கும் கப்பலூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். தாய் இல்லாத பெண் என்பதால் தலைப்பிரசவச் செலவையும் மாமியார் வீட்டாரே பார்த்துக்கொண்டார்கள். கூட வந்தது புருஷனின் தங்கை. அவளைக் கவிதா என்று வைத்துக்கொள்வோம். பி.காம். முடித்தவள், சூட்டிகையான பெண். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்து வந்தாள்.

அந்த ஃபைலைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் ஃபைல் வார்டிலிருந்து ஸ்கேனுக்கும் ஸ்கேனிலிருந்து லேபுக்கும் வீட்டு ஆட்கள் கையில்தான் பயணம் செய்யும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. யார் கையில் ஃபைல் இருக்கிறதோ அவர்தான் அந்தக் குடும்பத்தில் படித்தவர்.

சீட்டில் குழந்தை டாக்டர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: நேற்றிலிருந்து நடுக்கம், வலிப்பாக இருக்கலாம், மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கவும், தேவைப்பட்டால் தூக்க மருந்து கொடுக்கலாம். அவர் காரணம் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். வலிப்புக்கு மருந்து ஏற்றியும் நடுக்கம் குறையவில்லை. ஸ்கேனிலும் ஒன்றும் பிடிபடாவிட்டால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பதாக இருந்தார்கள்.

குழந்தையோடு வார்டு நர்ஸ் ஒருவர் வந்திருந்தார். எல்லாரும் அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், நானும் அப்படியே எழுதுகிறேன். எனக்கு வெளியில் நாலு கேஸ் காத்திருந்தது. “தூக்க மருந்தைக் குடுத்து முடிச்சுருவோமா சிஸ்டர்?” என்று கேட்டேன். “அரை மணி நேரம் குடுங்க மேடம். வேணும்னே பால் குடுக்காமக் காக்கப்போட்டுக் கொண்டாந்திருக்கேன். இப்பக் குடிச்சா அசந்துரும். மருந்து இல்லாம முடிப்போம்” என்றார். எனக்கு எரிச்சல். ஆனாலும் சரி என்றேன், அவர் கேட்ட விதம் அப்படி.

சிஸ்டர் போர்வையைச் சூடுபடுத்தப் போனார். குழந்தையோடு ஒரு ஆள்தான் உள்ளே வரலாம் என்பதால் கவிதா வெளியே நின்றுவிட்டாள். மெஷின் அறைக்கு முன்னால் இருக்கும் சின்ன அறையில் நானும் செல்வியும் குழந்தையும் மட்டும். குழந்தையின் அரைஞாண் கயிறு, கறுப்பு மணி வளையல் எல்லாவற்றையும் கழற்றினோம். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் துடைத்தோம். சில மையில் இரும்பு கலந்த சாயம் இருக்கும், அந்த இடத்தில் படம் கருத்துப்போகும். செல்வி தாலியையும் மெட்டியையும் கழற்றிக் கொடுத்தாள், லாக்கரில் வைத்துப் பூட்டினேன். பிறகு நான் தாயிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். உடம்புக்குள் பிளேட், கம்பி ஏதாவது? ஆபரேஷன்? காதில் மெஷின்? இல்லை, இல்லை, இல்லை. “மருந்துப் பிளாஸ்திரி ஏதாவது ஒட்டியிருக்கியா? வலிக்கு ஒட்டுவாங்களே?” என்று கேட்டேன். சில பிளாஸ்திரியில் மெல்லிய உலோகத்தாள் இருக்கும், சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

செல்வி குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மேடம், வலி மாத்திரை சாப்பிட்டிருந்தா அது இந்த மெஷின்ல தெரிஞ்சுருமா?”

“என்ன மாத்திரை?”

“சும்மாதான் கேக்குறேன்.”

நம் ஆட்களிடம் ஒரு தந்திரம் உண்டு. நோயாளி எதையாவது மறைக்கிறார் என்று தோன்றினால், ‘நீங்க சொல்லாட்டியும் மெஷின் காட்டிக் குடுத்துரும்’ என்று மிரட்டுவோம். நானும் மிரட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனசு ஒப்பவில்லை.

“தெரியாதும்மா. ரத்தம் கசிஞ்சிருக்கா, மூளையில எங்கயாவது அடிபட்டிருக்கான்னு தெரியும். நீ சாப்பிட்ட மாத்திரை படத்துல வராது.”

“எந்தப் படத்துலயும் வராதா?”

“வராது. அநேகமா மத்தப் பிள்ளைங்க மூளை மாதிரியேதான் தெரியும்.”

இதைச் சொன்ன பிறகு அவளுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. மெஷின் காட்டிக் கொடுக்காது, டாக்டருக்குத் தெரியாது, மாமியார் வீட்டுக்குத் தெரியாது. அப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானாக இருந்தால் இருந்திருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

“அப்ப நான் சொன்னாத்தான் உண்டு” என்றாள் செல்வி.

பிறகு சொன்னாள். “கலியாணத்துக்கு முன்னாடி கம்பெனிப் படியில வழுக்கி விழுந்தேன் மேடம். இடுப்புல அடி. நாள் பூராம் நின்னுக்கிட்டே வேலை. கூட வேலை பாக்குற அக்கா ஒரு மாத்திரை குடுத்துச்சு. போட்டா வலியே தெரியாது. ஒண்ணு ரெண்டாச்சு. இப்ப ஆறு. மாசமா இருக்கேன்னு தெரிஞ்ச அன்னைக்கே நிப்பாட்டிப் பாத்தேன். ஒடம்பெல்லாம் முறுக்குது, வேர்த்துக் கொட்டுது, தும்மலா வருது, வயித்தால போகுது. மூணாம் நாளு செத்துருவேன்னு நெனச்சேன். மறுபடி போட்டுட்டேன்.”

மூச்சு வாங்கிக்கொண்டாள். “அவங்க வலிப்பு வலிப்புங்குறாங்க. வலிப்பு இல்ல மேடம். எனக்கு வந்த அதேதான் இவளுக்கும் வருது. பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

படித்த டாக்டர் முழித்துக்கொண்டிருந்த விஷயத்தை அந்தப் பெண் தன் உடம்பை வைத்துக் கண்டுபிடித்திருந்தாள். சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்கவே கூடாத மாத்திரை அது, போதை வகையைச் சேர்ந்தது. தாயிடமிருந்து வந்துகொண்டிருந்தது பிறந்ததும் நின்றுபோனதால் குழந்தையின் உடம்பு அதைக் கேட்டு நடுங்குகிறது.

“வீட்டுல யாருக்கும் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியாது. சத்து மாத்திரை டப்பாவுல போட்டு வச்சுக்குவேன். செக்கப்புல டாக்டரம்மா கேட்டப்பவும் எங்க அத்தை பக்கத்துல நின்னுச்சு, என்னத்தச் சொல்றது? தெரிஞ்சா பிள்ளைய வாங்கிக்கிட்டு என்னையப் பேரையூருக்கு அனுப்பிருவாங்க மேடம்.”

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்டிருந்தால் என் கோபம் தணிந்திருக்கும், அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். அடக்கிக்கொண்டேன். என் பணிக்காலத்தில் நான் அடக்கிக்கொண்ட கோபங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதில் இது ஒன்று. “இதைச் சிஸ்டர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லலாமா?” என்று கேட்டேன். தலையாட்டினாள்.

சிஸ்டர் போர்வையோடு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் அருவருப்போ அதிர்ச்சியோ இல்லை. “அப்பாடா” என்றார். செல்வியின் தோளில் கைவைத்து, “நல்ல நேரத்துல சொன்னம்மா” என்றார். பிறகு என்னிடம், “தூக்க மருந்து வேணவே வேணாம் மேடம், ஏற்கனவே ஒடம்புல என்னென்ன இருக்கோ. ரத்தக்கசிவு இல்லைன்னு மட்டும் உறுதி பண்ணிருவோம். டாக்டர் இப்ப ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு. வெளிய வந்ததும் நானே நேர்ல காதுல போட்டுருறேன்” என்றார்.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். நான்தான் வாய்ச்சொல்லை நம்பாதவள் ஆயிற்றே. எதையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்று என் அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார், பிரம்பை வைத்துக்கொண்டு எனக்குக் கையெழுத்துப் பழக்கினவர். டாக்டர்கள் எழுதினால் கடவுளுக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் மட்டும்தான் புரியும். நான் எழுதினால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரும் படித்துவிடுவார். அந்த அழகான கையெழுத்தில் ஸ்கேன் சீட்டின் கீழே இங்கிலீஷில் எழுதினேன்: தாய் கர்ப்பகாலம் முழுவதும் வலி மாத்திரை எடுத்திருக்கிறார், மதர் அடிக்டட், அதாவது தாய் போதைக்கு அடிமை. கீழே ஒரு கோடும் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

செல்வி பால் கொடுத்தாள். பிறகு அந்தக் குழந்தையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சிஸ்டர் அவளுக்குக் காட்டிக் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கைகளை நெஞ்சோடு சேர்த்து, முட்டியை மடக்கி, போர்வையை இறுக்கிச் சுற்றி, நம்மோடு ஒட்ட வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஆட்டக் கூடாது, தட்டக் கூடாது, கொஞ்சக் கூடாது. விளக்கைக் குறைக்க வேண்டும். “இவளுக்கு இப்ப எல்லாமே அதிகமா இருக்கு. வெளிச்சம், சத்தம், தட்டுறது எல்லாமே. நீ கொறைச்சுக் குடு” என்றார் சிஸ்டர். செல்வி ஒரு தடவை பார்த்தாள், இரண்டாம் தடவை தானே செய்தாள்.

முதல் முயற்சியில் மெஷின் தட்ட ஆரம்பித்ததும் குழந்தை தூக்கிவாரிப்போட்டு முழித்துக்கொண்டது. மறுபடி வெளியே எடுத்து, மறுபடி காதடைப்பு, மறுபடி செல்வியின் நெஞ்சு. வெளியே நாலு கேஸ் ஆறு ஆயிற்று. இரண்டாவது தடவை குழந்தை அசையவில்லை. செல்வி மெஷினுக்குள் கையை நீட்டி அதன் பாதத்தைப் பிடித்தபடியே கடைசி வரைக்கும் நின்றாள். பிரசவமாகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது, உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ரிப்போர்ட் சொல்வது நம் வேலை இல்லை. எங்கள் ரேடியாலஜி மேடம் வந்து பார்த்துவிட்டு, ரத்தக்கசிவு இல்லை, வேறு பயப்படும்படியும் ஒன்றும் இல்லை என்றார்.

சந்தோஷமாக வெளியே வந்தேன். வராந்தாவில் கவிதா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஃபைல். படம் முடிந்ததும் கவுன்டரில் இருந்தவர் வழக்கம்போலச் சீட்டை ஃபைலில் குத்தி வீட்டு ஆளிடம் கொடுத்துவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கவிதா என் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், மதர் அடிக்டட்னு போட்டிருக்கு. யாரு மதர்? எங்க மதினியா?”

ஒரு பெண் தன் வாழ்க்கையையே என்னை நம்பி ஒப்படைத்தாள், நான் அதை எழுதி அவள் நாத்தனார் கையிலேயே கொடுத்துவிட்டேன். அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? பொய் சொன்னேன். “குடும்மா அதை. வேற பேஷண்ட்டுக்கு எழுதினது, சீட்டு மாறிப்போச்சு” என்று ஃபைலைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். பேனாவை எடுத்து அந்த வரி முழுவதையும் அடிக்கப் போனேன்.

“அடிக்காதீங்க மேடம்.”

பின்னால் செல்வி குழந்தையோடு நின்றாள், பக்கத்தில் சிஸ்டர்.

“கவிதா, சீட்டு மாறல. அது நான்தான். நான் சொல்லித்தான் மேடம் எழுதுனாங்க.”

“என்ன மதினி சொல்றீங்க?”

“அஞ்சு வருசமா இடுப்பு வலிக்கு மாத்திரை போடுறேன். அது போதை மாத்திரை. பிள்ளை நடுங்குறது அதனாலதான்.” கவிதாவிடம் இவ்வளவுதான் சொன்னாள். என் பக்கம் திரும்பினாள். “நீங்க அதை அடிச்சுட்டா இவங்க வீட்டுல வேற பேஷண்டுன்னு சொல்லுவாங்க, டாக்டர் இவங்க முன்னாடி கேக்குறப்ப நானும் ஆமாங்கணும். அப்புறம் மேல வார்டுல பிள்ளை முதுகுல ஊசி குத்துவாங்க. காரணம் தெரிஞ்ச நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணும். என்னால முடியாது மேடம்.”

வராந்தாவில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. இத்தனை வருட வேலையில் எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன். விபத்தில் கால் நசுங்கி வந்து ஜோக் அடித்தவரைப் பார்த்திருக்கிறேன். செல்வி அளவுக்கு யாரையும் பார்த்ததில்லை.

“ஒரு வார்த்தையை மட்டும் அடிச்சுக்கவா?” என்று அவளிடம் கேட்டேன். “நீ சொன்னது ஆறு மாத்திரைன்னு. நான் எழுதினது வேற, அது உன்னைப் பத்தி நானா சொன்ன தீர்ப்பு.” சரி என்றாள். அடிக்டட் என்பதை அடித்துவிட்டு, ஐந்து வருடமாக, இப்போது தினம் ஆறு, நிறுத்த முயன்றிருக்கிறார், தானாக முன்வந்து சொன்னார் என்று எழுதினேன். சீட்டைக் கவிதாவிடம் கொடுக்கவில்லை. சிஸ்டர் கையில் கொடுத்தேன்.

அதனால் பிள்ளைகளே, தாயிடம் தனியாகக் கேளுங்கள். கேட்டதை வீட்டு ஆள் கையில் போகும் தாளில் எழுதாதீர்கள், டாக்டரிடம் நேரில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போனில் சொல்லுங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அவர்கள் சொன்னதை எழுதுங்கள், நீங்கள் நினைத்ததை எழுதாதீர்கள். தப்பு நடந்துவிட்டால் பொய் சொல்லி மூடாதீர்கள், அன்றைக்கு என் பொய் ஜெயித்திருந்தால் அந்தக் குழந்தைதான் தோற்றிருக்கும். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு பேச்சு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது, அது எதனால் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. படம் நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். வராந்தாவில் கவிதாவின் போன் அடித்தது. அவள் அம்மா. கவிதா போனைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள். செல்வி கையை நீட்டி வாங்கி, “அத்தை, செல்வி பேசுறேன். பிள்ளைக்கு மூளையில ஒண்ணுமில்லையாம். நீங்க நேர்ல வாங்க, ஒண்ணு சொல்லணும்” என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்குக் கீழே இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த கேஸை என்னோடு வேலை பார்ப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் வார்டுக்கு ஏறினேன்.

மாமியார் ஆட்டோ பிடித்து அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். அதற்குள் டாக்டரும் தியேட்டரிலிருந்து வந்து, முதுகுத்தண்டு ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செல்வி மாமியாரிடம் தானே சொன்னாள், ஒன்றையும் விடாமல். டாக்டர் தன் பங்குக்கு, தாயும் பிள்ளையும் மூன்று வாரமாவது இங்கே ஒன்றாக இருக்க வேண்டும், தாய்க்கும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, நாங்கள் கொடுக்கிற மருந்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார்.

மாமியார் டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை.

“ஏண்டி, எம் பேத்திக்கு வெசத்தையா குடுத்த? குடு பிள்ளைய. நான் வளத்துக்குறேன். நீ ஒங்கப்பன் வீட்டுக்குக் கெளம்பு. மூணு பெத்து வளத்தவ நான், எனக்குத் தெரியாதா?”

செல்வி மறுக்கவில்லை. “இந்தாங்க அத்தை” என்று குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

மாமியார் குழந்தையைத் தோளில் போட்டு முதுகில் தட்டினார். குழந்தை கீச்சென்று கத்தியது. மடியில் போட்டு ஆட்டினார், செல்லம் கொஞ்சினார். கை இரண்டும் விரிந்து வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. தாடை நடுங்கியது. டாக்டர் முன்னால் வரப் பார்த்தார், சிஸ்டர் கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

“என்னடி இப்புடி ஆடுது?” மாமியார் குரலில் இருந்த கோபம் பயமாகிவிட்டது.

“தட்டாதீங்க அத்தை. ஆட்டவும் வேணாம். கைய நெஞ்சோட சேத்து, முட்டிய மடக்கி, சும்மா புடிச்சுக்கிட்டு இருங்க. பேசாதீங்க.”

அவர் செய்து பார்த்தார். பதற்றத்தில் கை வசப்படவில்லை. பேசாமல் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். செல்வி ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழந்தையை மடக்கித் தன் நெஞ்சுக்குள் வைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். ஒரு அசைவும் இல்லாமல் இருந்தாள். தாய்ப்பாசத்தின் மகிமை என்று நான் கதை விட மாட்டேன். அன்றைக்குக் காலையில் சிஸ்டரிடம் கற்றுக்கொண்ட வேலை அது, அவ்வளவுதான். கத்தல் அழுகையாயிற்று, அழுகை முனகலாயிற்று, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

மாமியார் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் கொஞ்சமும் இளகவில்லை. ரொம்ப நேரம் கழித்து, குழந்தை முழித்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக் கவிதாவிடம் சொன்னார்:

“வீட்டுக்குப் போயி இவளுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வா. கொடியில பச்சை நைட்டி காயுது, அதையும் சேத்துக்க. எனக்கும் ரெண்டு சேலை வையி. ஆறை அஞ்சாக்குறாளா இல்லையான்னு கூட இருந்து யாரு பாக்குறது?”